காலடிப்பேட்டை மனையும் கைக்கு வந்த வரைவோலையும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் அரை கிரவுண்டு மனை, அதன்மேல் ஒரு பழைய ஓட்டு வீடு. 2023 ஜூன் 9 அன்று 48 லட்சம் ரூபாய்க்கு விலை பேசி, 20 ரூபாய் முத்திரைத்தாளில் கிரய ஒப்பந்தம் எழுதினீர்கள், பதிவு செய்யவில்லை. முன்பணம் 10 லட்சம். அதில் 6 லட்சம் வங்கி வழியாகவும் 4 லட்சம் ரொக்கமாகவும் கொடுத்தீர்கள். மீதி 38 லட்சத்தை ஆறு மாதத்துக்குள் கொடுத்துக் கிரயம் முடிக்க வேண்டும். அந்தக் கெடு 2023 டிசம்பர் 9. மனையை விற்க ஒப்புக்கொண்ட பெரியவர் “தங்கை ஊரிலிருந்து வரட்டும், அவளும் கையெழுத்துப் போட வேண்டும்” என்று நாள் கடத்தினார். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: அது கிரய ஒப்பந்தமே அல்ல, வாங்கிய 6 லட்சம் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தது, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம் என்று. உடன் 6 லட்சத்துக்கு ஒரு வங்கி வரைவோலை. நீங்கள் கேட்டிருப்பது “நீதிமன்றத்துக்குப் போனால் மனை கிடைக்குமா?” என்று. ஆனால் கடைசி வரியில், “வரைவோலையை வங்கியில் போட்டுவிடலாமா என்று அம்மா கேட்கிறார்” என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான். வழக்குப் போடுவதா, கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்குவதா என்பது.

நான் இருபத்தாறு ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகளை நடத்தி வருகிறேன். அலுவலகம் பாரிமுனையில், தம்புச் செட்டித் தெருவில். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ளவர்கள். இந்த வகை வழக்கில் வாங்குபவர் பக்கமும் நின்றிருக்கிறேன், விற்பவர் பக்கமும் நின்றிருக்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தை நான் படிக்கவில்லை. ஒரு வரி மாறினாலும் பதில் மாறக்கூடிய துறை இது என்பதால், கீழே சொல்வதை உங்கள் வழக்கறிஞரிடம் வைத்துப் பேசுவதற்கான பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐயமே இல்லாதவற்றை முதலில் சொல்கிறேன். ஒப்பந்தம் போட்டதால் மனை உங்களுடையது ஆகிவிடவில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் சொத்தின்மீது எந்த உரிமையையும் உண்டாக்காது. உங்களிடம் இருப்பது, சொன்னபடி கிரயம் செய்து கொடு என்று அந்தப் பெரியவரைக் கேட்கும் உரிமை மட்டுமே. அதை நீதிமன்றத்தின் மூலம் கேட்பதற்குச் சட்டத் தமிழில் ‘ஏற்றதை ஆற்றுதல்’ என்று பெயர். ஏற்றுக்கொண்டதைச் செய்துகாட்டு என்று ஒருவரைக் கட்டாயப்படுத்துவது, அருமையான சொல். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பெங்களூரு வழக்கு ஒன்றில் இந்த எல்லையை மீண்டும் வலியுறுத்தியது. கையில் ஒப்பந்தம் மட்டும் வைத்திருப்பவர், சொத்தை அனுபவித்துவரும் மூன்றாம் ஆள்மீது அதை வைத்து வழக்குப் போட முடியாது என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது, அது உங்களை நேரடியாகத் தொடும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாக ஒருவர் வழக்கில் சொன்னால், நீதிமன்றம் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது. நீங்கள் கொடுத்த 4 லட்சம் ரொக்கம் வெள்ளைப் பணமாகவே இருக்கலாம். அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் தாள்களை இப்போதே எடுத்து வையுங்கள். மனை விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 ஜூன் முதலே தடை செய்யப்பட்டது. அதற்கான அபராதம் வாங்கியவர்மேல்தான் விழும். பெரியவர் 4 லட்சத்தை வாங்கவே இல்லை என்று சாதிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பதிவு செய்யாத தாள் செல்லாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வடசென்னையில் பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆனால் பதிவுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு ஒரு விலக்கு வைத்திருக்கிறது: ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில், பதிவாகாத ஒப்பந்தத்தையும் சான்றாக ஏற்கலாம். இந்த இரண்டில் எது மேலோங்கும் என்று பல ஆண்டுகள் இழுபறியாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்தது: அந்த விலக்கு தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். ஆகவே உங்கள் தாளை நீதிமன்றம் பார்க்கும். பதிவு செய்யாததால் வரும் நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின்மேல் பதிவானவற்றைக் காட்டும் தாள், எடுத்துப் பார்ப்பவருக்கு உங்கள் ஒப்பந்தம் தெரியாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது காலக்கெடு. ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நாள் குறிக்கவில்லை என்றால், விற்பவர் மறுத்தது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. உங்களுடையதில் நாள் இருக்கிறது. எனவே 2026 டிசம்பர் 9 உங்கள் கடைசி நாள். “நோட்டீஸ் இப்போதுதானே வந்தது, இதிலிருந்து மூன்று ஆண்டு எண்ணலாமே” என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். “வாய்மொழியாக ஆறு மாதம் நீட்டித்துக்கொண்டோம்” என்கிறீர்கள். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. வாய்ப்பேச்சை நம்பிக் கெடுவைத் தாண்டுவது பெரிய சூதாட்டம்.

இனி, வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு வருகிறேன். 2018இல் சட்டம் மாறிவிட்டது, இனி நீதிமன்றம் கட்டாயம் கிரயம் செய்யச் சொல்லியே ஆக வேண்டும் என்று உங்களுக்கு ஒருவர் தைரியம் சொல்லியிருக்கிறார். ஏற்றதை ஆற்றுதலுக்கு வழி செய்யும் குறித்த பரிகாரச் சட்டம் 2018 அக்டோபர் 1 முதல் திருத்தப்பட்டது உண்மை. அதற்கு முன், எல்லாம் சரியாக இருந்தாலும் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது. அந்த விருப்புரிமை இப்போது பெரும்பாலும் போய்விட்டது. உங்கள் ஒப்பந்தம் 2023இல் எழுதியது என்பதால், திருத்தம் பழைய ஒப்பந்தங்களுக்கும் பொருந்துமா என்ற தகராறு உங்களுக்கு இல்லை. ஆனால் ‘கட்டாயம்’ என்ற சொல்லோடு கூடவே 16ஆம் பிரிவு அப்படியே நிற்கிறது. என் பங்கைச் செய்ய நான் எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தேன் என்று வாதி நிரூபிக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. தயார் என்றால் பணம் புரட்டும் வலு. விருப்பம் என்றால் அதற்கேற்ற நடத்தை. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2022இல் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் தனித்தனியே பிரித்துக்காட்டி, பணவலுவை நிரூபிக்காத வாதியைத் திருப்பி அனுப்பியது. கீழ் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் உயர் நீதிமன்றத்திலும் வென்றுவிட்டு வந்தவர் அவர்.

நான் தோற்ற வழக்கு ஒன்றைச் சொன்னால் இது உங்களுக்கு விளங்கும். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் ஒருவர் என் கட்சிக்காரர். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார். விற்பவர் விலை ஏறியதும் மனம் மாறிவிட்டார். அதில் சந்தேகமே இல்லை. என் கட்சிக்காரர் கையில் தினமும் லட்சக்கணக்கில் பணம் புரளும். ஆனால் எல்லாம் படகுக்காரர்களுக்குக் கொடுத்த கடனாகவும் இடுப்புப் பையில் ரொக்கமாகவும்தான். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வங்கிப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, ஒப்பந்தக் கெடு முடிந்த அன்று இருப்பு எவ்வளவு என்று படிக்கச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் படித்தார்: நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். “மீதி பதினெட்டு லட்சம் அன்று எங்கே இருந்தது?” என்று அடுத்த கேள்வி. “துறைமுகத்தில்” என்றார். அவர் சொன்னது உண்மை என்று இன்றும் நம்புகிறேன். அதைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட எங்களிடம் இல்லை. முன்பணம் வட்டியோடு திரும்பி வந்தது, வீடு வரவில்லை.

இதற்கு நேர்மாறாகப் பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த தம்பதி. கெடு முடிவதற்கு முதல் நாளே வங்கி வரைவோலை எடுத்துவிட்டார்கள். தங்கள் பெயரில் முத்திரைத்தாள் வாங்கினார்கள். முத்திரைத்தாள் விற்றவர் போட்ட தேதி அதன் பின்னால் இருந்தது. கடைசி நாளன்று காலை பத்து மணிக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தவர்கள், மாலை நாலரை மணிக்கு விற்பவருக்கு ஒரு தந்தி அடித்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள்: “பணத்துடன் காத்திருக்கிறோம், வாருங்கள்.” அந்தத் தந்தியின் நகல் ஒன்றே வழக்கைத் தாங்கியது. தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. இப்போது அந்த இடத்தில் பதிவுக்காக இணையத்தில் எடுத்த முன்பதிவுச் சீட்டு, விரைவு அஞ்சல், மின்னஞ்சல், வாட்ஸாப் செய்தி ஆகியவை இருக்கின்றன.

ஆகவே நான் உங்களிடம் திருப்பிக் கேட்பது இதுதான்: 2023 ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில் என்ன செய்தீர்கள்? வீட்டுக் கடனுக்கு வங்கி ஒப்புதல் கடிதம் கொடுத்ததா? வைப்புத்தொகை இருந்ததா? நகைக் கடன் வாங்கினீர்களா? விலையின் மீதி 38 லட்சம் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும். 48 லட்சத்துக்கு அது 4 லட்சத்து 32 ஆயிரம். அரசு குறித்துள்ள வழிகாட்டி மதிப்பு இதைவிடக் கூடுதலாக இருந்தால் இன்னும் கூடும். அதையும் சேர்த்துத்தான் தயார்நிலையைக் கணக்கிடுவார்கள். நோட்டுக்கட்டுகளை மேசையில் அடுக்கிக் காட்ட வேண்டியதில்லை, நீதிமன்றம் உத்தரவிட்டாலொழியப் பணம் கட்ட வேண்டியதும் இல்லை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அன்று புரட்டியிருக்க முடியும் என்பதைத் தாள் பேச வேண்டும். பெரியவர் “தங்கை வரட்டும்” என்று அனுப்பிய குரல் பதிவுகள் உங்களிடம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அவை பொன்னுக்குச் சமம். தாமதம் யாரால் என்பதை அவர் குரலே சொல்கிறது. அந்தக் கைப்பேசியை விற்காதீர்கள், பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். மின்னணுச் சான்றுக்குச் சட்டப்படி தனிச் சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

கெடு முடிந்தபின் நீங்கள் எத்தனை மாதம் சும்மா இருந்தீர்கள் என்பதும் கேட்கப்படும். மதுரை வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எதிர்த்தரப்பு கட்டாயம் எடுத்துவரும். 60,000 ரூபாய் விலை, 5,000 முன்பணம், ஆறு மாதக் கெடு. வாங்குபவர் இரண்டரை ஆண்டு வாய் திறக்கவில்லை. நகரத்தில் விலை ஏறிக்கொண்டே போகும்போது இப்படி உட்கார்ந்திருந்தவருக்குக் கிரயம் செய்யச் சொல்ல முடியாது என்று மறுத்துவிட்டார்கள். வழக்குப் போட மூன்று ஆண்டு இருக்கிறது என்பதற்காக மூன்று ஆண்டும் காத்திருக்கலாம் என்று பொருள் இல்லை. இங்கே எனக்கு ஒரு தயக்கம் உண்டு, அதை மறைக்கவில்லை. அந்தத் தீர்ப்பு விருப்புரிமை இருந்த காலத்தது. 2018க்குப் பின் எழுதிய ஒப்பந்தத்துக்கு ‘தாமதம்’ என்ற ஒரே காரணத்தால் மறுக்கலாமா என்பதில் வழக்கறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. என் அனுபவத்தில், நீதிபதிகள் அதைத் ‘தாமதம்’ என்று சொல்லாமல் ‘விருப்பம் இல்லை’ என்ற கணக்கில் எழுதிவிடுகிறார்கள். முடிவு அநேகமாக ஒன்றுதான். காலடிப்பேட்டைக்கு 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்தபின் மனை விலை எப்படி நகர்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நெசவாளர்களுக்காக அந்நாள் சென்னை ஆளுநர் காலட் துரை ஏற்படுத்திய பேட்டையில் இன்று ஒரு சதுர அடிக்கு என்ன கேட்கிறார்கள் என்பது நீதிபதிக்கும் தெரியும்.

அடுத்து, அது கடனுக்கு ஈடு என்ற வாதம். இதை நீங்கள் லேசாக எடுத்துக்கொண்டிருப்பது கேள்வியிலேயே தெரிகிறது, எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பகுதியில் வட்டிக்குக் கொடுப்பவர்கள் புரோநோட்டோடு சேர்த்துக் கிரய ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். கொருக்குப்பேட்டையில் கணவரை இழந்த ஓர் அம்மாவுக்காக நான் வாதாடினேன். மூன்று லட்சம் கடன். எழுதியிருந்ததோ முழு வீட்டுக்கும் விற்பனை ஒப்பந்தம். அவரிடம் ரசீது எதுவும் இல்லை. இருந்தது தினசரிக் காலண்டர் தாள்கள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதித் தாளைக் கிழித்து, பின்புறம் ‘வட்டி 9000 கொடுத்தது’ என்று பென்சிலால் எழுதி, மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். இருபத்தொரு தாள்கள். அவற்றில் பதினான்கு, கடன் கொடுத்தவரின் வங்கிக் கணக்கில் அதே நாளில் விழுந்த தொகையோடு பொருந்தின. எழுத்து ஆவணத்துக்கு முரணாக வாய்மொழிச் சாட்சியம் கூடாது என்பது பொது விதிதான். ஆனால் அந்த ஆவணமே வெறும் போர்வை, உண்மை ஏற்பாடு வேறு என்று காட்ட நீதிமன்றம் அனுமதிக்கும். அந்த அம்மாவின் வீடு இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

ஆகவே உங்கள் வழக்கிலும் சில கேள்விகள் எழும். 48 லட்சம் என்பது அன்றைய சந்தை விலைக்கு அருகிலானதா, பாதியா? பெரியவர் எந்த மாதமாவது உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறாரா? இதற்கு முன் அவருக்கு நீங்கள் கைமாற்றுக் கொடுத்தது உண்டா? ஒப்பந்தத்துக்கு முன் வில்லங்கச் சான்று எடுத்தீர்களா, மனையை அளந்தீர்களா, வங்கிக்கு ஆவண நகல் கொடுத்தீர்களா? வாங்க நினைப்பவன் இவற்றைச் செய்வான். கடன் கொடுப்பவன் செய்யமாட்டான். ஒப்பந்தத்தில் ‘10 லட்சம் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டவர் இன்று 6 லட்சம்தான் என்று சொல்வது உங்களுக்குச் சாதகம். உண்மை உங்கள் பக்கம் இருந்தால் இந்தத் தடையைத் தாண்டிவிடலாம். ஒருவேளை அது உண்மையிலேயே கடன்தான் என்றால், தயவுசெய்து இந்த வழக்கைப் போடாதீர்கள். கடனைத் திரும்பக் கேட்க வேறு வழி இருக்கிறது. ஒரு முதியவரின் வீட்டை அந்தத் தாளைக் காட்டி எடுக்க நான் யாருக்கும் வழி சொல்லமாட்டேன்.

தங்கை விஷயம் உங்கள் வழக்கின் பலவீனமான மூலை. மனை அவர்கள் தாயார் பெயரில் இருந்து, உயில் இல்லாமல் இறந்திருந்தால், தங்கைக்கும் பங்கு உண்டு. அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்றால் அது அவரைக் கட்டாது. எந்த நீதிமன்றமும் அவர் பங்கை உங்களுக்கு எழுதித் தரச் சொல்லாது. பெரியவரின் பங்கை மட்டும் கேட்கக் குறித்த பரிகாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் மீதியைக் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கிடைப்பதும் பிரிபடாத பங்குதான். அதன்பின் பாகப்பிரிவினை வழக்கு, அதுவும் குடியிருக்கும் வீட்டில் வெளியாளாக நின்று. எனவே முதலில் தாய்ப்பத்திரத்தை, அதாவது சொத்து அவர்களுக்கு வந்த மூலப் பத்திரத்தைப் பாருங்கள். கூடவே நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த மனை யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். வடசென்னையில் வீடு ஒருவருக்கும் மனை கோயிலுக்கும் சொந்தமான இடங்கள் ஏராளம். அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தின் விற்பனை செல்லாது. அப்படியிருந்தால் நீங்கள் 48 லட்சத்துக்கு ஒப்பந்தம் போட்டது ஓட்டுக்கும் சுவருக்கும் மட்டுமே.

இவை எல்லாம் தாண்டி வழக்குப் போடுவது என்று முடிவெடுத்தால், வழக்குரை, அதாவது வழக்கு மனு, எழுதும் விதத்தில் மூன்று இடங்களில் ஆட்கள் விழுவதைப் பார்த்திருக்கிறேன். முதலாவது, “முதலில் ஒரு தடையாணை மட்டும் வாங்கிவைப்போம்” என்று வெறும் தடையாணை வழக்குப் போடுவது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அப்போதே கேட்டிருக்கக்கூடிய கிரயப் பரிகாரத்தை விட்டுவிட்டு, பின்னால் தனி வழக்காகக் கொண்டுவர முடியாது. எல்லாவற்றையும் ஒரே வழக்கில் கேட்க வேண்டும். இரண்டாவது, பெரியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டதாக நோட்டீஸ் கொடுத்திருப்பதால், அந்த ரத்து செல்லாது என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்ற விளம்புகையும் கேளுங்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் அது இல்லாமல் வழக்கே நிலைக்காது என்றது. 2017இல் சென்னை வழக்கு ஒன்றில், எதிர்த்தரப்பு உரிய நேரத்தில் ஆட்சேபிக்காவிட்டால் பின்னால் அதைக் கிளப்ப முடியாது என்றது. அதன் பிறகும் இது முழுதாக அடங்கவில்லை. ஒரு கோரிக்கையைக் கூடுதலாக எழுதுவதால் நட்டமில்லை. விட்டால் மொத்தமும் போகலாம். மூன்றாவது, மனை கிடைக்காவிட்டால் முன்பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்ற மாற்றுக் கோரிக்கை. இதைக் கேட்காமல் விட்டால் நீதிமன்றம் தானாகக் கொடுக்காது. கிரயத்தை நம்பி மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு “எனக்குப் பணம் வேண்டாம், மனைதான் வேண்டும்” என்று இந்த வரியை அடிக்கச் சொன்னவர்கள் இரண்டையும் இழந்திருக்கிறார்கள்.

வழக்கோடு சேர்த்து, மனையை வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்ற இடைக்காலத் தடைக்கு மனு போடுங்கள். பதிவு செய்யாத ஒப்பந்தத்தின் ஆபத்து இங்கேதான். வழக்குக்கு முன்பே அவர் விற்றுவிட்டால், வாங்கியவர் “வில்லங்கச் சான்று பார்த்தேன், ஒன்றும் இல்லை, முழு விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கினேன்” என்பார். அது நிரூபணமானால் உங்கள் ஒப்பந்தம் அவரைக் கட்டாது. வழக்குத் தொடுத்தபின் வாங்கினால் அந்த வாதம் எடுபடாது. சார்பதிவாளரிடம் ஆட்சேப மனு கொடுத்துவிட்டேன், போதும் என்று இருந்துவிடாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாத மனுவுக்காக அவர் பதிவை நிறுத்தி வைப்பார் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

செலவையும் சொல்ல வேண்டும். நீதிமன்றக் கட்டணம் ஒப்பந்த விலையின்மேல் 3 விழுக்காடு, அதாவது 1 லட்சத்து 44 ஆயிரம். சம்மன் சேர்ந்து பன்னிரண்டு மாதத்துக்குள் தீர்ப்பு என்று 2018 திருத்தச் சட்டம் சொல்கிறது. நான் கண்டவரை முதல் தீர்ப்புக்கே நான்கைந்து ஆண்டு, மேல்முறையீடு அதற்குமேல். வென்றாலும் நீதிமன்றம் குறித்த நாளுக்குள் மீதிப் பணத்தைக் கட்டியாக வேண்டும். தவறினால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யச் சொல்லி அவர் மனு போடலாம். கட்டியபின்னும் அவர் கையெழுத்திட மறுத்தால் நீதிமன்றமே அவர் சார்பில் கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கும். அத்தனை ஆண்டும் 38 லட்சத்தைப் புரட்டக்கூடிய நிலையில் நீங்கள் இருக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பேசுங்கள். இடையில் சமரசம் ஏற்பட்டால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். சமரச மையத்துக்கு வெளியே தரப்பினர் தாங்களே பேசி முடித்தாலும் கிடைக்கும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இந்த வகை வழக்குகளில் நான் திருப்தியோடு முடித்தவை பெரும்பாலும், விற்பவர் சற்றுக் கூடுதல் விலை பெற்றுக் கையெழுத்திட்டவையும், வாங்கியவர் முன்பணத்தோடு நியாயமான இழப்பீடு பெற்று விலகியவையும்தான்.

இனி அந்த வரைவோலை. வங்கியில் போடாதீர்கள். போட்டால், ரத்தை ஒப்புக்கொண்டு பணத்தை வாங்கிவிட்டார் என்று சொல்ல அவருக்கு நீங்களே வழி கொடுத்ததாகிவிடும். ரொக்கம் 4 லட்சமும் கேள்விக்குள்ளாகும். பீரோவில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதும் தவறு. வரைவோலைக்கு மூன்று மாதம்தான் உயிர். இரு பக்கமும் நகல் எடுத்துக்கொண்டு, வழக்கறிஞர் மூலம் பதில் நோட்டீஸோடு சேர்த்து விரைவு அஞ்சலில் திருப்பி அனுப்புங்கள். அந்தப் பதிலில் கடன் என்ற கதையை மறுத்து, மீதி 38 லட்சத்தோடு தயாராக இருப்பதாகச் சொல்லி, பதிவுக்கு ஒரு நாளும் நேரமும் குறியுங்கள். பிறகு அந்த நாளில் உண்மையிலேயே போய் உட்காருங்கள். பணம் இன்னும் கைக்கு வராத நிலையில் அப்படி எழுத வேண்டாம். முதலில் வங்கியில் கடன் ஒப்புதலை வாங்குங்கள்.

அம்மா அந்தப் பெரியவரை நேரில் போய்ப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகட்டும். இருவருக்கும் பொதுவான ஒருவரை உடன் அழைத்துப் போகட்டும், தங்கையையும் அங்கே வரச் சொல்லட்டும். அங்கே எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம், ஒப்பந்தத்தின் மூலத்தை எடுத்துப் போகவும் வேண்டாம், நகல் போதும்.